சனிக்கிழமை விளையாட்டும் வரப்போகும் மூன்று பெட்டிகளும்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

அன்பு மகன் ஸஜ்ஜாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். லண்டன் குளிரில் உங்களையும் மருமகளையும் அல்லாஹ் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே வாப்பாவின் பிரஷர் மட்டாக இருக்கிறது, என் முழங்கால் வலியும் கொஞ்சம் குறைவு, உடம்பைக் கேட்டால் சுகம் என்றுதான் சொல்வேன், மனதைக் கேட்காதீர்கள். இதைப் போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் "உம்மா, மீட்டிங் ஒண்டு, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதி, லண்டன் திரும்புகிற பரீனா மாமியின் மகனிடம் கொடுத்துவிடுகிறேன். இருந்து முழுக்க வாசியுங்கள்.

நேற்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். புதிதாக மூன்று விளையாட்டு வரப்போகிறது, கடைக்கு வருமுன்பே சொல்லி வைத்துவிட்டேன், நம்முடைய சனிக்கிழமை விளையாட்டுக்கு ஒவ்வொன்றாக அனுப்புகிறேன் என்று எழுதி, கீழே சிரிக்கிற முகமும் போட்டிருந்தீர்கள். எனக்கு வந்த கோபத்தில் போனைக் குசினியில் சமைக்கிற மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். கடைசியாக அனுப்பிய பெட்டி இந்த வீட்டை என்ன செய்து வைத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த மூன்றுக்கு உங்களுக்கு எப்படி மனம் வந்தது மகன்? உங்களுக்குத் தெரியாத மிச்சத்தையும் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்தப் பெட்டியைப் பிரித்த சனிக்கிழமை மஃரிப் தொழுதுவிட்டு வாப்பா எவ்வளவு ஆசையாக வந்து உட்கார்ந்தார் என்று போனில் நீங்களும் பார்த்தீர்கள். மற்ற விளையாட்டுகளில் ஒப்புக்கு இருந்தவர், இது கப்பலில் சாமான் களவு போகிற விளையாட்டு என்று மகள் றுஷ்தா சொன்னதும் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். துறைமுக லோஞ்ச் படகில் காலம் முழுக்க வேலை செய்த மனிசன் அல்லவா. ஆளுக்கொரு அட்டை, அதில் ஒருவர் கள்ளன், யாரென்று கதைத்துக் கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் நடுவர் என்பதால் ஆளுக்காள் அட்டையைப் போனில் உங்களுக்கு மட்டும் காட்டினோம். வாப்பா கப்பலில் சாமானை எங்கெங்கே ஒளிக்கலாம் என்று விளக்கம் சொல்லப் போய் எல்லோரும் அவரையே கள்ளன் என்றார்கள். "சத்தியமா நான் இல்லை" என்றார். றுஷ்தா சிரித்தாள், மருமகன் றுமைஸ் சிரிக்கவில்லை. "மாமாட கதையை எப்பிடி நம்புற? எனக்கு முன்னால ஒரு கதை, மஜீத் காக்காட கடையில வேறொரு கதை" என்றார். அதோடு விளையாட்டு விளையாட்டாக இல்லை. சீனன்குடாவில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு றுமைஸ் வெளிநாட்டு ஆட்களை ஏற்றிப் போக போட் வாங்கினபோது, வாப்பா அவரிடம் நல்லது நல்லது என்று சொல்லிவிட்டு, மஜீதின் தேத்தண்ணிக் கடையில் போய் மருமகன் பொறுப்பில்லாதவன் என்று சொல்லியிருக்கிறார். அது றுமைஸின் காதுக்கு வந்து, அந்தப் பிள்ளை இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் வைத்திருந்திருக்கிறது. வாப்பா எழும்பி அறைக்குள் போய்விட்டார். நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். வாப்பா கள்ளனில்லை என்பது அந்த இடத்தில் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், ஏனென்றால் கள்ளன் நான்தான். கடைசிவரை காட்டக்கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னபடியால் அட்டையை மடியில் பொத்திக்கொண்டிருந்தேன். பொறுக்க ஏலாமல் போய் அதை மேசையில் எறிந்தேன். நீங்களோ "பொறுங்க உம்மா, விளையாட்டு முடியேல்ல" என்றீர்கள், அடுத்த நிமிஷம் ஒஃபிசிலிருந்து கோல் வருகிறது என்று வைத்துவிட்டீர்கள். சனிக்கிழமையில் என்ன ஒஃபிஸ் மகன்?

மறுநாள் காலையில் றுமைஸ், றுஷ்தாவையும் பேத்தி ஷிஃபானாவையும் கூட்டிக்கொண்டு கிண்ணியாவுக்கு அவருடைய உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நான் எவ்வளவோ மறித்தேன். வாப்பா வாசலுக்கு வரவேயில்லை. பிறகு சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்புகிறதும், பள்ளிவாசலுக்குப் போய் வந்து சும்மா இருக்கிறதும்தான். ஒருநாள் எனக்கும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். பள்ளியில் கூட்டாளி ஜமால்தீனோடு இருந்து கதைக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, மனிசன் கிண்ணியாவில் றுமைஸின் போட் கட்டுகிற இடத்தில் நிற்கிறார். அங்கே நடந்ததைப் பிறகு றுஷ்தாதான் எனக்குச் சொன்னாள். "ஓம் மருமகன், மஜீதுக்கிட்ட அப்பிடிச் சொன்னனான்தான். கடல்ல நிண்டவன் நான், எனக்குப் பயம். அந்தப் பயத்த ஒங்களுக்கிட்ட சொல்ல வெக்கப்பட்டு, கடையில போய் ஒங்கட குத்தமாச் சொல்லிப்போட்டன்" என்றாராம். றுமைஸ் எஞ்சினிலிருந்து கையை எடுத்துத் துடைத்துவிட்டு, "போட்டில ஏறுங்க மாமா" என்றாராம். இரண்டு பேரும் குடாவைச் சுற்றி வந்திருக்கிறார்கள். போனவர் சும்மா இருந்தாரா, லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, பட்டி அறுந்ததைத் தூக்கிக் காட்டி, இதைப் போட்டு ஆளை ஏற்றக்கூடாது என்று பேசிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். றுமைஸும் பேச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாராம். ஆனாலும் அவர்கள் இங்கே திரும்பி வரவில்லை. தொழில் கிண்ணியாவில் இருக்கிறபடியால் அங்கேயே இருப்போம், சனிக்கிழமைகளில் வருவோம் என்று றுமைஸ் சொல்லிவிட்டார். வாப்பா சரி என்றார். எனக்கு அது சரியில்லை, ஆனாலும் என் பேச்சை யார் கேட்கிறார்கள்.

இனி உங்கள் மூன்று பெட்டிக்கு வருகிறேன். முதலாவதில் தாயக்கட்டை இருக்கிறது, படத்தில் நன்றாகத் தெரிகிறது. அதைச் சூது என்று சொல்லி வாப்பா வீட்டுக்குள் எடுக்க விடமாட்டார் என்பது பிறந்ததிலிருந்து உங்களுக்குத் தெரியும், பிறகும் ஏன்? இரண்டாவது, அந்தக் களவு விளையாட்டின் அடுத்த பாகமாம், இன்னும் கூட ஆட்கள் பொய் சொல்லலாமாம். அது அனுப்பினால் நான் பிரிக்காமலே அடுப்புக்குள் வைப்பேன். மூன்றாவதில் எல்லோரும் ஒரே பக்கம் நின்று புயலில் கப்பல்களைக் கரைசேர்க்க வேண்டும் என்று றுஷ்தா போனில் வாசித்துச் சொன்னாள். அதை அனுப்புங்கள். ஆனால் நீங்கள் போனுக்குள் நடுவராக நிற்க வேண்டாம், அங்கே உங்களுக்கும் ஒரு பெட்டி எடுத்து மேசையில் விரித்து எங்களோடு விளையாடுங்கள். ஏலாது என்றால் பெட்டியும் வேண்டாம்.

இன்னும் ஒன்று. சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், விட மனமில்லை. கள்ளன் நான்தான் என்று அன்றிரவே வாப்பாவிடம் சொன்னேன். "நீயா? நல்லாத்தான் ஒளிச்சிருக்காய்" என்றார். பிறகு, "அப்ப ஸஜ்ஜாதுக்கும் தெரியுமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். நீங்கள் கோல் எடுக்கிற நேரம் பார்த்து வாப்பா ஏன் பள்ளிக்குப் போகிறார் என்று இப்போது விளங்குகிறதா? கிண்ணியாவுக்குப் பஸ் ஏறிப் போய் மருமகனிடம் தன் பிழையைச் சொன்ன மனிசன் அவர். உங்களுக்குப் பஸ்ஸும் ஏறத் தேவையில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பஜ்ர் தொழுகையைத் தவறவிடாதீர்கள், மருமகளுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத்தைத் தரட்டும், நல்ல மக்களைத் தரட்டும். இதை வாசித்து முடித்ததும் எனக்கு எடுக்க வேண்டாம். வாப்பாவின் நம்பருக்கு எடுங்கள். அவர் எடுக்கும்வரை எடுங்கள். "வாப்பா, நீங்க உண்மையத்தான் சொன்னீங்க, எனக்குத் தெரியும்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள் மேல் கோபமாகவே இருக்கும் உம்மா,
பஹ்மியா