பந்தை எறிகிற இடம்

மோர்டன்,
பெப்ரவரி 1988

அன்பு மகளுக்கு,

உன் கணவர் ட்ரெவர் கடைக்கு வந்து என்னிடம் தந்துவிட்டுப் போன வீடியோவைப் பார்த்தேன். பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டி. செல்வரத்தினம் பெரியப்பாவும் பக்கத்தில் இருந்தார். உன் கல்யாணத்துக்கு ஒருவரும் போகக் கூடாது என்று முதலில் சொன்னவர் அவர்தான் என்பது உனக்குத் தெரியும்.

வாஷிங்டன் அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், ட்ரெவரைப் போல ஒரு கறுப்பர். அந்த இடத்தில் நின்று இறுதிப் போட்டியை வென்ற முதல் கறுப்பராம். மற்ற எல்லா அணிகளுக்கும் பிந்தித்தான் அந்த அணி கறுப்பரையே சேர்த்ததாம்.

"காப்பிலியளுக்கு ஓடத்தானே தெரியும், உவனை ஆர் உங்கை விட்டது?" என்றார் பெரியப்பா.

"உங்கடை கடையிலை காசுப்பெட்டியடியிலை சொந்தக்காரரைத் தவிர ஆரையாவது விட்டனீங்களோ அண்ணை? மூட்டை தூக்க மட்டும் ஆரெண்டாலும் சரி," என்றேன் நான்.

"அது யாவாரம்."

"இதுவும் யாவாரந்தான்."

நடுவில் அந்த ஆட்டக்காரர் முழங்கால் பிசகி வெளியே போனார். பெரியப்பா சிரித்தார். அவர் திரும்பி வந்து எறியத் தொடங்கியதும், பெரியப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார்.

எனக்குக் களைத்துப் போய்விட்டது, பிள்ளை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து நடந்து களைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ட்ரெவரைக் கூட்டிக்கொண்டு வா. அவர் கணவாய்க் கறி சாப்பிடுவாரோ என்று அம்மா கேட்கிறா. பெரியப்பாவுக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் வராவிட்டால் கொஞ்சம் சோறு மிஞ்சும், அவ்வளவுதான்.

அப்பா