உள்ளே விட்ட துணி

14 ஆகஸ்ட் 1962, செவ்வாய், சிங்கப்பூர்

குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து வந்த பிறகு என் ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று தொங்குகின்றன. எடை ஏறினால்தான் தேறுவேன் என்கிறார் டாக்டர். இன்று சிராங்கூன் சாலையில் தையல்காரர் காதர் பாயிடம் ஒரு ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். தைத்து முடித்தவர், உள்ளே மிஞ்சிய துணியை வெட்டக் கத்தரியை எடுத்தார்.

“வெட்டாதீங்க பாய். பின்னால பிரிச்சு விடணும்.”

“இனிமே எதுக்குக்கா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “திரும்பக் குண்டாவேன். பிரிக்க உங்ககிட்டதான் வருவேன். அதுவரைக்கும் கடையை மூடிடாதீங்க லா!”

அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

இப்போது அந்த ரவிக்கையைத்தான் போட்டிருக்கிறேன். உள்ளே மடிந்த துணி விலாவில் உறுத்துகிறது. உறுத்தட்டும்.