ஏரோவைச் சாமான் அறையில பூட்டின கதை

அன்பு மகள் கசில்டாவுக்கு அம்மா எழுதிக்கிறது. வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துக்குத் துணி சுத்திக்கிட்டுத்தான் நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் போறேன்னு நம்பி எழுதுறேன், நார்வே குளிரு உங்க அப்பா மாதிரி, சொன்னா கேக்காது. இங்க நாங்க சுகம்னு போடணும், போட்டுட்டேன். அது எவ்வளவு தூரம் நெஜம்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு குத்தத்தை ஒத்துக்கணும். போன வெள்ளிக்கிழமை நான் ஏரோவை நம்ம காலேஜ் கேன்டீன் சாமான் அறையில வச்சுப் பூட்டிட்டேன். பதறாதே, உசுரோடதான் இருக்கான்.

ஏரோதான் உன் ரூம்ல தங்கியிருக்கிற பின்லாந்துக்காரன், ஒரு வருஷம் ஸ்பெயின்ல வரலாறு படிக்கிறேன்னு செப்டம்பர்ல வந்தவன், போன்ல சொன்னேனே. வந்த புதுசுல பன்னெண்டு மணிக்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு உக்காந்துட்டான், ராத்திரி பத்துக்குத்தான் சாப்பாடுன்னதும் இது என்ன நோன்பான்னு கேட்டான். அதுகூடப் பழகிட்டான். ஆனா கூடப் படிக்கிற பொண்ணு ஒருத்தி கிளம்பும்போது, ஒரு நாள் சந்திப்போம்னு வாய் வார்த்தைக்குச் சொல்லியிருக்கா, இவன் பையிலேருந்து டைரியை எடுத்து எந்த நாள்னு கேட்டுட்டான். அவ தப்பிக்க வழியில்லாம வியாழக்கிழமைன்னு உளறிட்டா. ஊர்ச் சதுக்கத்து மணிக்கூண்டுக்குக் கீழ மழையில ஒன்றரை மணி நேரம் நின்னு நனைஞ்ச கோழியா வந்தான். துண்டைக் குடுத்துட்டு, அட மடையா, அது நம்ம ஊர்ல போயிட்டு வரேன்னு சொல்ற மாதிரி, யாரும் வரமாட்டாங்கன்னேன். அப்புறம் ஏன் சொல்றீங்கன்னு கேட்டான் பாரு.

சரி விஷயத்துக்கு வரேன். பரீட்சை மார்க்கை ஒட்டினப்புறம் பேப்பரைக் காட்டுற நாள்னு ஒண்ணு உண்டே, இல்லாத அத்தைக்கு ஆபரேஷன்னு வாத்தியார் தோன் எவேலியோ கதவு முன்னாடி அழுது அரை மார்க் வாங்கினவ நீ, உனக்கா தெரியாது. ஜனவரியில அவர் பேப்பர்ல ஏரோவுக்குப் பத்துக்கு அஞ்சேகால், அஞ்சு வந்தாலே பாஸ். இந்தப் பிள்ளையும் எல்லாரோடயும் வரிசையில போய் நின்னுது. நின்னு என்ன கேட்டான் தெரியுமா, கூட்டல்ல தப்பு இருக்கு சார், எனக்கு நாலரைதான் வரும்னான். முப்பது வருஷ சர்வீஸ்ல குறைக்கச் சொல்லி வந்த முதல் ஆளாம், அந்த மனுஷன் திகைச்சுப் போய்க் கூட்டிப் பார்த்தாரு, நாலரைதான். மறு பேச்சு இல்லாம ஃபெயில் போட்டுட்டாரு! மறு பரீட்சையிலயும் இந்தப் பேப்பர் போனா அவனோட காலேஜ் பிப்ரவரியிலேயே ஊருக்குத் திரும்பி வரச் சொல்லிடுமாம். எனக்கு வந்துதே கோவம். அன்னையிலேருந்து தோன் எவேலியோவுக்கு அவருக்குத் தெரியாம, தூக்கத்தை விரட்டாத, கஃபீன் எடுத்த காபியாப் பார்த்துக் குடுத்தேன், பாவம், ரெண்டு வாரம் வகுப்புலேயே கொட்டாவி விட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு.

மறு பரீட்சைக்கு ஏரோ ராப்பகலா படிச்சான், உங்க அப்பா முகம் மழிக்கும்போதுகூட ராஜாக்கள் பேரை ஒப்பிக்க வச்சாரு. ரிசல்ட் வந்துது, அஞ்சும் கொஞ்சமும், பாஸ். நான் கேன்டீன்ல எல்லாருக்கும் ஆம்லெட்டை ஓசியில போட்டேன். அன்னைக்கு ராத்திரி சூப்பை ஊதிக்கிட்டே சொல்றான், வெள்ளிக்கிழமை பன்னெண்டுலேருந்து ரெண்டு வரைக்கும் பேப்பர் காட்டுறாங்க, போய்க் கூட்டலைச் சரிபார்க்கணும்னு. இந்தத் தடவையும் குறைஞ்சா ஊருக்குத்தான் போகணும். கெஞ்சினேன், திட்டினேன், ஊஹூம். அதான் வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, சாமான் அறையில டப்பா எத்தனை இருக்குன்னு எண்ணிக் குடு ராசான்னு அனுப்பிட்டுக் கதவைச் சாத்திட்டேன். உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவுதான் உனக்குத் தெரியுமே.

ஒண்ணே முக்காலுக்குத் தோன் எவேலியோ கீழே இறங்கி வந்தாரு. உன் பின்லாந்துக்காரன் எங்கே பெனில்டே, அவனுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன், கடைசித் தாளோட பின்பக்கத்தை நான் திருப்பவே இல்ல, சேர்த்தா ஏழுக்கு மேல வரும், ஆனா அவனே வந்து கேட்டாத்தான் மாத்த முடியும், ரெண்டு மணிக்குப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டுடுவேன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஓடிப்போய்க் கதவைத் திறந்தா, இன்னும் ரெண்டு அலமாரித் தட்டு பாக்கி இருக்குன்னு நிதானமா சொல்றான். தரதரன்னு இழுத்துக்கிட்டு ஏப்ரனோட மூணு மாடி ஏறினேன். ரெண்டடிக்க நாலு நிமிஷம். ஏழேகால் போட்டாரு மனுஷன்.

அதோட போயிருக்கலாம். இவன் வரிசையில நின்ன அத்தனை பேர் முன்னாடி, அந்தக் கதவு ஏன் திறக்கல, ரிப்பேரான்னு கேட்டுட்டான். ஆமான்னு ஒரு வார்த்தை போதும், நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அவன் முகத்தைப் பார்த்தா முடியல கண்ணு. நான்தான் பூட்டினேன்னேன். ஆரம்பிச்ச வேகத்துல காபி விஷயமும் வெளிய வந்துடுச்சு. தோன் எவேலியோ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

வீட்டுக்கு வர வரைக்கும் ஏரோ எனக்குப் பத்தடி முன்னாடியே நடந்தான். வந்ததும் கட்டிலுக்கு அடியிலேருந்து பெட்டியை இழுத்தான். போச்சு, கிளம்பிட்டான்னு கதவுகிட்டயே நின்னேன், அழுதேன்னு வச்சுக்கோயேன். உள்ளேயிருந்து ஒரு பொட்டலம் எடுத்தான், அவங்க ஊர்க் காபித்தூள், தோன் எவேலியோவுக்காம். அப்புறம் ஒரு சீட்டை நீட்டினான், எண்ணின வரைக்கும் மீன் டப்பா இருநூத்திப் பன்னெண்டு, மூணு கெட்டுப் போச்சு. கடைசியா, பூட்டினதுக்கு உங்களுக்குப் பூஜ்யம், எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டதுக்கு அஞ்சு, பாஸ்னான். இன்னும் அரை மார்க் போடு, எங்க அத்தைக்கு ஆபரேஷன்னு சொன்னேன். அவன் வாய்விட்டுச் சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

மேலே சுகம்னு போட்டேனே, அதுல கூட்டல் தப்பு. உன் ரூம் கதவு மூடியே கிடக்கிறதைத் தாண்டிக் குளியலறைக்குப் போக முடியாமத்தான் அதை வாடகைக்கு விட்டேன், மத்த காரணமெல்லாம் சும்மா. ஒவ்வொரு போன்லயும் சீக்கிரம் ஒரு நாள் வரேம்மாங்கிறே, நானும் ஒரு நாள் வாடிங்கிறேன், இப்படியே மூணு வருஷம் போச்சு. ரெண்டு பேரும் நம்ம ஊர்க்காரங்க ஆச்சே. ஏரோ ஜூன் கடைசியில காலி பண்றான், அதுக்கு முன்னாடி வந்தா சோபாவுல படு. சாமான் அறைக்குக் கைப்பிடி போட்டாச்சு, பயப்படாதே. மாதா உனக்குத் துணையிருக்கட்டும், நேரத்துக்குத் தூங்கு. தூங்குறதுக்கு முன்னாடி டைரியை எடு. எந்த நாள்?

சொல்ற நாளன்னைக்கு மழை பெஞ்சாலும் ஸ்டேஷன்ல நிக்கப்போற
உன் அம்மா,
பெனில்டே