குற்றாலத்து மெத்தை

வெட்டூர்ணிமடம்,
9.7.2024

ஸ்மைலின் அப்பாவுக்கு,

ஜெயா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் இங்கே நலம். கீரிப்பாறையில் நீங்களும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். செல்போனை அணைத்துப் போட்டுவிட்டீர்கள், அதனால் கடிதம். எஸ்டேட் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து விடுகிறேன்.

குற்றாலத்திலிருந்து வந்த மறுநாளே, தம்பி ஜெபமணியைப் பார்த்து வருகிறேன் என்று பையைத் தூக்கியவரை இன்னும் காணோம். மகள் ஸ்மைலின், பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, "அப்பாவும் நீங்களும் சண்ட போட்டியளா?" என்று கேட்கிறாள். பெற்ற மகளிடம் நான் என்ன சொல்ல?

நேற்று துணி மடிக்கும்போது மூணாறு நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் தங்கிய லாட்ஜ். ஒரு வாளி வெந்நீர்தான் தருவேன் என்றான். நீ குளி, நீங்க குளிங்க என்று நாம் உபசாரம் பேசி முடிப்பதற்குள் அது ஆறிப்போனது. தஞ்சாவூர் ஓட்டலில் மணியை அழுத்தினால் ஆள் வருவான் என்று தெரிந்ததும், காப்பி காப்பி என்று அழுத்திக்கொண்டே இருந்தீர்கள். எந்த ஊரானாலும் நான் முதலில் கட்டிலில் ஏறி உட்காருவேன், நீங்கள் குழாயைத் திறந்து பார்ப்பீர்கள். நகை நட்டு இல்லாவிட்டாலும் கல்யாண நாளுக்கு ஓர் ஊர் என்பது நமக்குத் தவறியதே இல்லை.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வாருங்கள்.

அன்புடன்,
ஜெயா

கீரிப்பாறை,
13.7.2024

அன்புள்ள ஜெயாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே விடாத மழை. ரப்பர் பால்வெட்டு நின்றுபோய் ஜெபமணி வீட்டில்தான் கிடக்கிறான். அவனுக்குத் துணையாக இருக்கிறேன் என்று எழுத நினைத்தேன். அவனுக்கு எதற்குத் துணை? உன் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது, அதுதான் காரியம்.

இந்த வயதில் லாட்ஜ் மெத்தையை நனைத்தவன் நான். சின்னப் பிள்ளையைப் போல நீ என்னை எழுப்பி வேட்டி மாற்றச் சொன்னாய். இங்கே பாயில்தான் படுக்கிறேன். கண் விழிக்கும்போதெல்லாம் பாயைத் தொட்டுப் பார்க்கிறேன். ஊர் சுற்றியதெல்லாம் போதும் ஜெயா, இனி என்னை எங்கேயும் கூப்பிடாதே.

மூணாற்றில் உபசாரம் பேசியது நான் மட்டும்தான். முதல் செம்பு வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொண்டது நீ.

யேசுரத்தினம்

வெட்டூர்ணிமடம்,
18.7.2024

ஸ்மைலின் அப்பாவுக்கு,

மெத்தை நனைந்ததற்கா இந்த ஓட்டம்? அது ஒரு வியாதி, மருந்து இருக்கும். கோபம் இல்லை என்று போன கடிதத்தில் எழுதியது பொய். எனக்குக் கோபம் இருக்கிறது, எதற்கென்று உங்களுக்கும் தெரியும்.

அறை கூட்டுகிற பெண் வந்தபோது, "எனக்குச் சொகமில்லம்மா, தெரியாம நடந்துட்டு" என்று பழியை நான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் பேசாமல் நின்றிருக்கலாம். "ஏட்டி, இவ்வளவு வயசாச்சு, ஒனக்கு வெக்கமில்லியா? ஒன்னக் கூட்டிட்டு எங்கயும் போவ முடியாது" என்று அவள் முன்னாலேயே ஏசினீர்கள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் கூனிக் குறுகிப்போனேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். தலைவலி என்று நினைத்து எனக்குத் தைலம் நீட்டினீர்கள். நனைந்ததை நான் அன்றே மறந்துவிட்டேன். அந்தப் பேச்சை என்ன செய்ய?

ஜெயபாய்

குற்றாலம்,
27.7.2024

அன்புள்ள ஜெயாவுக்கு,

ஊர்ப் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். அதே லாட்ஜில் இருந்துதான் எழுதுகிறேன்.

நீ முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்ததும் அங்கே இருப்புக் கொள்ளவில்லை. நாலு பஸ் மாறி வந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் சண்முகவடிவு. வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அப்படியே சொன்னேன். "அம்மா, அன்னைக்கு மெத்தைய நனச்சது என் வீட்டுக்காரி இல்ல, நான்தான். ஒங்க முன்னால அவள ஏசுனதும் தப்பு."

அவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "எந்த ரூம் அய்யா?" என்றாள். அறையைக் காட்டினேன். "சீசன்ல எத்தனையோ மெத்தையக் காயப் போடுதோம், யாரு கண்டா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெருக்கத் தொடங்கினாள்.

அவளுக்கு என்னையும் ஞாபகம் இல்லை, உன்னையும் ஞாபகம் இல்லை. வெகுநேரம் அந்த வராந்தாவிலேயே நின்றேன். ஏசியது உன்னை, மன்னிப்புக் கேட்டதோ அவளிடம். அவளிடம் கேட்பது எளிதாக இருந்தது ஜெயா. உன் எதிரில் நின்று கேட்க எனக்குத் தைரியம் போதவில்லை, இப்போதும் எழுதித்தான் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

நாளை கீரிப்பாறைக்குத் திரும்புகிறேன். வீட்டுக்கு வரலாமா என்று நீதான் எழுத வேண்டும்.

உன்,
யேசுரத்தினம்

வெட்டூர்ணிமடம்,
31.7.2024

என் அன்புள்ள ஸ்மைலின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், பிறகு நன்றாக அழுதேன். மன்னித்தாயிற்று. நான் இல்லாமல் தனியாக லாட்ஜில் போய்த் தங்கியதற்கு மட்டும் நேரில் ஏச்சு உண்டு.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. அன்று பழியை எடுத்துக்கொண்டது உங்களுக்காக மட்டும் இல்லை. கதவைத் தட்டியதும், என் வீட்டுக்காரர் இப்படி ஆகிவிட்டார் என்று யாருக்கும் தெரியக் கூடாதே என்று பதறிப்போனேன். உங்களைக் கையால் ஒதுக்கிவிட்டு, கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றேன். உங்களால் எனக்கு மானக்கேடு என்று அந்த நேரம் தோன்றியது. நீங்கள் அதை என் முகத்தில் பார்த்தீர்கள். பார்த்த பிறகுதான் ஏசினீர்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே குற்றம் முழுவதையும் உங்கள் தலையில் போட்டுக் கடிதம் எழுதினேன்.

வீட்டுக்கு வாருங்கள். டாக்டரிடம் சேர்ந்தே போவோம். அடுத்த கல்யாண நாளுக்கு எந்த ஊர் என்பதையும் பேசி முடிப்போம். அங்கேயும் நனைந்தால் நனையட்டும். கூட்டுகிற ஆள் வந்ததும் நான் வாய் திறக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்கள், நான் உங்கள் பக்கத்தில் நிற்கிறேன்.

உங்கள்,
ஜெயா