குப்பிக்குள் உங்கள் மூச்சு

என்னைக் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்கவைத்த என் அப்பாவுக்கு,

உலக யுத்தம் முடிந்ததும் உங்கள் கூட்டாளி முத்தையா மாமா போடி கடைவீதியில் ஒரு கண்காட்சிக் கூடம் கட்டிவிட்டார். நீங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஏலக்காய் சலிக்கும் எந்திரம் நடுவில் நிற்கிறது. கம்பம் வரைக்கும் உங்கள் இருவர் பேரும் இன்னும் ஒன்றாகத்தான் அடிபடுகிறது. பெருமையோடுதான் நேற்றுப் போனேன்.

எந்திரத்தின் பக்கத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டியில், அரக்கு வைத்து மூடிய சிறிய குப்பி. கீழே உங்கள் பெயர். ‘கடைசி மூச்சு’ என்று எழுதியிருந்தது.

கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து பார்த்தேன், அப்பா.

அந்தக் குப்பி எனக்குத் தெரியும். நீங்கள் இழுத்துக்கொண்டு கிடந்தபோது நான் பால் கிண்ணத்தோடு நின்றேன். மாமா என்னை ஒதுக்கிவிட்டுக் குப்பியின் வாயை உங்கள் உதட்டில் வைத்து அழுத்தினார். அழுதுகொண்டேதான் செய்தார். மருந்து என்று நினைத்தேன். அவர் தக்கையை அடைத்தபோது நீங்கள் இல்லை. ஒரு சொட்டுப் பால் இறங்கவில்லை. உங்கள் உதட்டை அழுத்தியது யார் கை என்றாவது உங்களுக்குத் தெரிந்ததா?

கூடத்தில் சின்னமனூர்ப் பெண்கள் இருவர் நின்றார்கள்.

“உள்ள ஒண்ணையும் காணோமேடி?”

“மூச்சு கண்ணுக்குத் தெரியுமாக்கும்? எந்திரம் செஞ்சாகள்ல, அவுக மூச்சு. கன்னத்துல போட்டுக்க.”

பெட்டிக்குப் பூட்டில்லை. குப்பியை எடுத்து அரக்கைப் பெயர்த்துத் தக்கையைப் பிடுங்கினேன். புளித்த எச்சில் வாடை.

மாமா ஓடி வந்தார். “ஏ ஆத்தா, என்ன காரியம் செஞ்சுட்ட!” குப்பியைப் பறித்து உள்ளங்கையால் பொத்தினார்.

“போயிருச்சு மாமா. எங்கப்பாவ விட்ருங்க.”

“பாதியாவது இருக்கும்த்தா.”

தக்கையைத் திரும்ப அடைத்து அதே இடத்தில் வைத்தார். அந்தப் பெண்கள் மறுபடியும் கும்பிட்டார்கள்.

பிறகு மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, மேசைக்குள்ளிருந்து ஒரு வெறுங்குப்பியை எடுத்துக் காட்டினார். “இது எனக்கு. எனக்குன்னு புள்ளையா குட்டியா? நீதான் புடிக்கணும். ஒங்கப்பன் பக்கத்துல வச்சிரு. நாங்க ரெண்டு பேரும் எதையும் தனியாச் செஞ்சதில்லத்தா.”

அவர் கை வேர்த்திருந்தது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்னும் பிசுபிசுக்கிறது. பாசம் இத்தனை அருவருப்பாகவும் இருக்குமா, அப்பா?

அவர் படுக்கையில் விழுந்தால் எனக்குத்தான் ஆள் அனுப்புவார். போவேன். ஆனால் அந்தக் குப்பியைத் தொடமாட்டேன். யாரையும் தொடவும் விடமாட்டேன். கதவு சன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டு அவர் தலைமாட்டில் நிற்பேன். அவர் மூச்சாவது போகிற இடத்துக்குப் போகட்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் ஒரே மகள்,
கோமதி