மாமா மறக்காத புதுச் செய்தி

ஐப்பசி 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். யூனிஃபார்ம் காயவில்லை. நாளைக்கு வேதனையியல் டெஸ்ட். படித்தது இரண்டு பக்கம். ஞாபகம் இருப்பது பக்க எண்.

மாமாதான் வீட்டில் ஒரே பொழுதுபோக்கு. அம்மாவின் தம்பி. வைகாசியில் பைக்கோடு பாலத்தில் விழுந்து தலையில் அடி. அதற்கு முந்தியது எல்லாம் அப்படியே இருக்கிறது. சவூதி ரூமில் யார் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தான் என்பதுகூடச் சொல்வார். புதிதாக எதைச் சொன்னாலும் கால் மணி நேரம், அப்புறம் காலி. புதுக்கோட்டை டாக்டர் சொன்னது: "கேட்டது கொஞ்ச நேரம் நிக்குது, உள்ள போய்ச் சேரல. ஒரே விஷயத்தத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்க. போனாலும் போகும்."

மாமா தினமும் கேட்பது: "மாப்ள, என் வண்டி எங்கடா?"

வண்டி நொறுங்கிப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதைச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி அழுவார். அதனால் அம்மா, "ஒர்க்‌ஷாப்புல நிக்குது" என்பாள். போர். என் பதில்கள்: ஆடு மேஞ்சிருச்சு. கலெக்டர் இரவல் வாங்கிட்டுப் போனாரு. காதர் அண்ணன் வித்துத் தின்னுட்டாரு.

கடைசிப் பதிலுக்குத்தான் வசவு பிரமாதம். காதர் அண்ணன் மாமாவின் சவூதிக் கூட்டாளி. கோட்டைப்பட்டினத்திலிருந்து நம்ம ஆவுடையார்கோவில் வரை வண்டியில் மீன் கொண்டுவந்து விற்பவர். பள்ளி திறந்ததிலிருந்து தினமும் அந்தப் பதில்தான். வசவைப் போனில் பதிந்து பசங்களுக்கு அனுப்புவேன். இன்றைய சரக்கு: "அவன் வலையில திமிங்கிலம் மாட்டி அவனையே இழுத்துட்டுப் போக." கால் மணியில் மறந்துவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை.

ஐப்பசி 5, புதன்

மழை விட்டது. டெஸ்ட் ஊத்திக்கொண்டது.

காதர் அண்ணன் பாறை மீனோடு வந்தார். வழக்கமாக மாமா வாசலுக்கே ஓடுவார். இன்று எழுந்திருக்கவில்லை.

"வண்டிய வித்துத் தின்னுட்டு மீனு கொண்டாறியா? போடா அங்கிட்டு."

காதர் அண்ணன் சிரித்தார். "எந்த வண்டி மச்சான்?"

"என் வண்டி. நீ வித்த வண்டி."

நான் இன்றைக்கு வாயே திறக்கவில்லை. மாமாவாகவே சொன்னார். காதர் அண்ணன் பையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுப்படியில் அம்மா அழுகை. சந்தோஷமாம். "புதுசா ஒன்னு அவன் மனசுல தங்கிருச்சுடா. தப்பாத் தங்குனாலும் தங்கிருச்சுல்ல. டாக்டருக்குப் போனைப் போடு."

போட்டேன். ரிங் போனதும் கட் செய்தேன். எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி 6, வியாழன்

பதிவுகளை எல்லாம் அழித்தேன். பசங்க போனில் இருப்பதை அழிக்க முடியாது. மாமா தலையில் இருப்பதையும்.

முட்டிமோதி ஒரே மூச்சில் படிக்கும் பாடம் மறுநாள் பரீட்சைத் தாளைப் பார்த்ததும் பறந்துவிடுகிறது. இந்தப் பொய்யை மாமாவுக்குத் தினமும் ஊட்டியிருக்கிறேன், கோபத்தில் தொட்டு. டாக்டர் சொன்ன வைத்தியத்தை இந்த வீட்டில் ஒழுங்காகச் செய்தவன் நான் ஒருத்தன்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அடிக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். அடிக்கவில்லை. "நான் சந்தோஷப்பட்டேனேடா" என்றாள். அவ்வளவுதான்.

ஐப்பசி 10, திங்கள்

நல்ல மழை. பள்ளி லீவு. இதற்கு முன் லீவு என்றால் குதிப்பேன்.

இப்போது மாமாவிடம் தினமும் உண்மை. காதர் அண்ணன் வண்டியை விற்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன்.

"நீயாடா மாப்ள? எதுக்குடா?"

"சிரிக்க."

ஒரு பார்வை பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு அது மறந்துவிடும். எனக்கு மறப்பதில்லை. சாயந்திரம் கேட்டால் மறுபடி காதர் திருடன். உண்மைக்குக் காரம் கம்மி. அதனால்தான் ஒட்டவில்லையோ.

பஸ் ஸ்டாண்டில் காதர் அண்ணனைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் உடைத்துக்கொண்டே கேட்டார்.

"திட்டுனது பெருசில்ல தம்பி. சவூதில இதவிடக் கேவலமாத் திட்டிருக்கான். அப்பல்லாம் திட்டிட்டு மறுநா மறந்துருவான்."

ஐஸை உடைத்து முடித்த பிறகும் குனிந்தே இருந்தார்.

ஐப்பசி 13, வியாழன்

வெயில். யூனிஃபார்ம் காய்ந்தது.

காதர் அண்ணன் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி மீன் பையை நீட்டினார். "நான் குடுத்தேன்னு சொல்லாத. திங்க மாட்டான்." அம்மா குழம்பு வைத்த பிறகும் போகவில்லை. எங்கள் வாசலுக்கு எதிரே வந்து, மாமா கண்ணில் படாமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார்.

மாமா ரசித்துச் சாப்பிட்டார். "எந்த ஊரு மீனுடா?"

"கோட்டைப்பட்டினம், மாமா."

"அங்க எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். சவூதில ஒரே தட்டுல திம்போம்."

"இருக்காரு மாமா. வெளியதான் நிக்கிறாரு. கூப்புடவா?"

மாமாவின் கை நின்றது. எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதி மீன் கிடந்தது. வெளியே காதர் அண்ணன் வண்டியைக் கிளப்பும் சத்தம்.