வைக்கோல் திணித்த சைக்கிள் சீட்டு

அன்புத் தோழி,

இன்று காலை, பீங்கான் பொம்மைகளை ஏற்றிச் சென்ற வண்டியிலிருந்து ஒரு கத்தை வைக்கோல் என் சைக்கிளுக்கு முன்னால் சரிந்தது. அந்த மணத்தில் நீ என் நினைவில் எழுந்து வந்தாய். பொம்மைகளை வைக்கோலில் பொதிந்து பெட்டிகளில் அடுக்கியவை நம் நான்கு கைகள் அல்லவா!

நாம் வேலை செய்த பீங்கான் பட்டறை ஊருக்கு வெளியே இடம்பெயரவிருந்த சமயம் அது. பஸ் உரிய நேரத்துக்கு வாராது. சைக்கிள் பழகாவிட்டால் நான் வேலையைத் துறக்க வேண்டியதுதான். நாற்பதைக் கடந்த இப்பருத்த உடலை எந்தச் சைக்கிள் சுமக்கும் என அஞ்சினேன். நீயோ என்னைக் கடைக்கு இழுத்துச் சென்று, கோப்பையில் விரிசல் தேடுவதுபோல ஒவ்வொரு சைக்கிளையும் விரல் நகத்தால் தட்டி, காதைச் சாய்த்து ஓசை கேட்டாய்.

"அக்கா, இது என்னா டீ கப்பா?" என்று கடைக்காரர் சிரித்தார். "டயரு அகலமா இருக்கணும், கம்பி தடிப்பா இருக்கணும், ஒக்காந்தா ரெண்டு காலும் தரையில படணும். அதப் பாருங்க."

அவ்வாறே தேர்ந்தோம். ஆயினும் இருக்கை வலித்தது. நோகக் கூடாத எதற்கும் வைக்கோலே காப்பு என்பது நம் தொழில் கற்பித்த நம்பிக்கை. சாக்கில் வைக்கோலைத் திணித்து நீ சீட்டின் மேல் கட்டினாய். மணிமுத்தாற்றங்கரையில் ஓட்டிப் பழகுகையில், ஒரு சுற்று முடியுமுன் நான் துள்ளி இறங்கினேன்.

"இது ஆசனமன்று, முட்படுக்கை!"

"இந்தச் செந்தமிழு பெடல மிதிக்காதுடி, நீதான் மிதிக்கணும்."

எவர் துணையுமின்றி நானே தேடிக் கற்ற தமிழ் அது. அதனைக் கேலி செய்யும் உரிமையை உனக்கு மட்டுமே அளித்திருந்தேன். மறுநாளே ஸ்பிரிங் வைத்த அகலமான சீட்டை மாட்டச் செய்தாய்.

புதிய இடத்தில் முதல் நாள் வேலை. வழியிலிருந்த டீக்கடையில் ஆண்கள் கூடியிருந்ததால் சைக்கிளை உருட்டியே நடந்தேன். உன் சைக்கிளில் பின்னே வந்த நீ, "ஏறுடி" என்றாய். ஏறினேன்.

"பாத்து அக்கா, டயரு வெடிச்சிடப் போவுது!" என்றார் ஒருவர்.

என் கால் தரையைத் தேடியது.

"டயரே சும்மாதான் இருக்குது, ஒங்களுக்கு ஏங்க மூச்சு வாங்குது?" என்று நீ குரல் கொடுத்தாய்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், அச்சிரிப்பில் காலை ஊன்ற மறந்து மிதித்துவிட்டேன். பட்டறை வாசல் வரை நிற்கவேயில்லை.

நீ மறைந்த பின்னும் அதே வழியாகத்தான் வேலைக்குச் செல்கிறேன். உன்போல் சட்டென்று பதில் சொல்ல எனக்கு இன்றளவும் வாய்க்கவில்லை. ஆனால், எவர் சிரித்தாலும் என் கால் தரையைத் தேடுவதில்லை.